தெற்குச் சுவர்

டர்பனில் நான் வரைந்த முதல் வீட்டுக்குத்
தெற்குச் சுவரில் மூன்றடி சன்ஷேடு வைத்தேன்.
யோசித்து வைக்கவில்லை.
ஆண்டில் எட்டு மாதம் தெற்கே சாயும் வெயிலோடு
வேலூரில் பதினோரு வருடம் மல்லுக்கட்டிய கை,
தானாகப் போய்க் கோடு போட்டது.

மார்ச்சில் போன் வந்தது, சாட்ஸ்வர்த்திலிருந்து.
திலோத்தமா படையாச்சி.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்,
பகலில்தான் தூக்கம்.
"நட்டநடுப் பகலில் உன் சூரியன்
என் தலையணையில் வந்து உட்காருகிறான்.
ஆளில்லாத பக்கம் பார்த்துக்
குடை பிடித்து வைத்திருக்கிறாயே" என்றாள்.
அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும்.
எனக்கு வெட்கம் முழுசாக வந்தது.

இங்கே சூரியன் வடக்கே நடக்கிறான்.
பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.
படித்தது மூளையில் இருந்தது,
முழங்கைக்கு இன்னும் இறங்கியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மாடியில் நின்று
காற்றுக்கு ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிப் பார்த்தேன்.
தென்றல்:
மழையும் குளிருமாய்க் கதவை அறைகிறது.
வாடை:
வெதுவெதுவென்று வந்து கழுத்து வேர்வையைத் துடைக்கிறது.
மேற்கு மலையிலிருந்து எப்போதாவது
அடுப்பைத் திறந்தாற்போல் ஒன்று இறங்கும்.
அதற்கு மட்டும்
கோடை என்ற பழைய பெயரே போதும்.
மற்றதெல்லாம்
அகராதியைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டியவை.

வடக்கில் புதுசாய் ஒரு நிழல் வைத்தோம்.
வடகிழக்கில் தாழ்வாக ஒரு ஜன்னல்,
எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஒரு திறப்பு.
ஒரு பக்கம் நுழைந்த கடல்காற்று
படுக்கையைத் தடவிக்கொண்டு மறுபக்கம் போகட்டும்.
தகரக் கூரைக்கு வெள்ளை.
மேற்கே கம்பிப் பந்தல், அதில் பீர்க்கங்கொடி.
ஏசிக்கு என்று எடுத்துவைத்த பணத்தில்
அவள் பல்லைக் கட்டிக்கொண்டாள்.

இந்தப் பாடத்தைப் பத்திரமாகப் பையில் மடித்து
பெத்லகேம் போனேன்.
சிரிக்க வேண்டாம், ஃப்ரீ ஸ்டேட்டில் ஓர் ஊர்.
கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மைல்.
ஜூனில் விடிந்தால் குழாயில் தண்ணீர் இல்லை,
பனிக்கட்டி.
செலினா மோலெஃபி என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு
கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"இவ்வளவு ஓட்டை எதற்கு?"

அங்கே காற்றுதான் திருடன்.
தெற்கில் கையகல ஜன்னல், அதற்கும் இரட்டைக் கண்ணாடி.
கூரைக்குள் ஆட்டு ரோமம், ஒரு சாண் கனத்துக்கு.
வடக்கே மட்டும் சுவரெல்லாம் திறப்பு.
தாழ்வாரத்தின் நீட்டத்தை
மூன்று இரவு கணக்குப் போட்டேன்:
டிசம்பர் சூரியன் உச்சியில் நிற்பான்,
அவன் வாசலோடு திரும்ப வேண்டும்.
ஜூன் சூரியன் குனிந்து வருவான்,
அவன் நடுக்கூடம் வரை வந்து
கறுப்புத் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும்.

வீடு முடிந்த முதல் குளிர்காலம்.
இரவு எட்டுக்கு மின்வெட்டு.
ஹீட்டர் செத்தது, தெருவே செத்தது.
டார்ச் அடித்து வெப்பமானியைப் பார்த்தேன்.
வெளியே மைனஸ் நாலு.
உள்ளே பதினேழு.
பத்து மணிக்குப் பதினாறரை.
பகலெல்லாம் வாங்கியதைத் தரை
வட்டி கேட்காமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
செலினா ஒன்றும் சொல்லவில்லை.
இருட்டில் சாக்ஸை உருவும் சத்தம் மட்டும் கேட்டது.

சாட்ஸ்வர்த் வீட்டின் தெற்கு நிழலை
இடித்துவிடுகிறேன், என் செலவில், என்று
இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.
போன வாரம் திலோத்தமா செய்தி அனுப்பினாள்.
தெற்கிலிருந்து ராத்திரியும் பகலுமாய்
சாய்த்து ஊற்றிய மழையில்
அந்த ஜன்னல் ஒன்றுதான் திறந்தே இருந்ததாம்.
ஒரு சொட்டு உள்ளே வரவில்லையாம்.
"ஆறு மணிநேரம் தூங்கினேன். அதைத் தொடாதே."

தொடவில்லை.
ஆனாலும் புதுத் தாளை விரிக்கும்போதெல்லாம்
உள்ளங்கையில் பேனாவால் ஓர் அம்பு போட்டுக்கொள்கிறேன்.
மதியச் சாப்பாட்டில் அழிந்துவிடுகிறது.
மறுபடி போடுகிறேன்.