கிழக்குப் பார்த்தது

கலிவரதன் சாவி கொண்டு வரவில்லை.
செம்மண்டலத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களாம்,
காலி செய்ய இன்னும் பதினெட்டு நாள்.
"பத்து போட்டோ மேடம்.
ஹால் மட்டும் பெருசாத் தெரியணும்."

தெரியும்.
பதினாறு மில்லிமீட்டர் லென்ஸோடு
மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால்
பத்துக்குப் பன்னிரண்டில் பந்தியே போடலாம்.
ஓரத்து பீரோதான்
கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி
ஒரு பக்கமாகச் சாய்ந்து அகலும்.

அஞ்சலாட்சி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள்.
கேஸ் சிலிண்டர்.
கொடியில் கிடந்த யூனிஃபார்ம்.
மாத்திரை டப்பா, ரேஷன் பை,
மாமனாரின் மூத்திரப் பை தொங்கும் ஸ்டாண்ட்.
பிறகு மாமனார்.
எல்லாவற்றையும் கேமராவுக்குப் பின்னால் அடுக்கினோம்.
திரையில் காலி ஹால்.
என் பிடரியில் நாலு பேர் மூச்சு.
ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால்
"சிரிக்கணுமா?" என்று கேட்டார் பெரியவர்.

படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு
ஒரு பழுப்புக் கோடு.
சாத்தனூர் திறந்த ராத்திரி
பெண்ணையாறு வந்து
படுத்துவிட்டுப் போன உயரம்.
ஓனர் இரண்டு தடவை வெள்ளையடித்திருக்கிறார்.
ஐப்பசி பிறந்தால்
கோடு மறுபடி எழுந்து வருகிறதாம்.
"இது தெரியாம எடுக்க முடியுமாக்கா?"

கேட்டது கலிவரதன் இல்லை.
அஞ்சலாட்சி.
வீடு சீக்கிரம் விற்றால்தான்
அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வருமாம்.

ராத்திரி மஞ்சக்குப்பத்தில், என் மாடி அறையில்,
குண்டு பல்பின் மஞ்சளைக் கழுவினேன்.
சாய்ந்த கதவுகளை நிமிர்த்தினேன்.
வாசலை மறைத்த டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று,
அதில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரும்
கூடவே போயிற்று.
வானம் வெளுத்துக் கிடந்தது.
தேவனாம்பட்டினத்தில் ஒரு மாசிக் காலையில்
எடுத்து வைத்த வானம் ஒன்று
ஃபோல்டரில் இருக்கிறது.
இதுவரை நாற்பத்தொரு வீட்டுக்கு அதுதான்.
இடது ஓரம் நாய்க்குட்டிக் காது மாதிரி ஒரு மேகம்,
திருப்பாதிரிப்புலியூரில் அதே காது,
கூத்தப்பாக்கத்திலும் அதே காது.
ஒருத்தரும் கேட்டதில்லை.
சிப்காட் பக்கத்து வீட்டுக்கு அதைப் போட்ட அன்று மட்டும்
தெரியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அப்புறம் கோடு.
மேலே இருக்கிற நல்ல சுவரைக் கொஞ்சம் ஒற்றி எடுத்து
கீழே பூச வேண்டும்.
நாலு நிமிஷம்.
வீட்டை விட்டுத் தண்ணீர் வடிய
ஐந்து நாள் ஆனதென்று சொல்லியிருந்தாள்.

பீரோக் கண்ணாடியில் நான் இருந்தேன், டிரைபாடோடு.
என்னை அழிப்பது பழகிய வேலை,
தோளில் ஆரம்பித்துக் கீழே இறங்குவேன்.
தோளுக்குப் பின்னால் நகம் அளவுக்கு
மாமனார்.
மடியில் ரேஷன் பை.
நான் பதில் சொல்லாததால்
தானாகவே முடிவு செய்திருக்கிறார்,
பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

பிரஷ்ஷைச் சின்னதாக்கினேன்.
இன்னும் சின்னதாக்கினேன்.
"மேடம் ரெடியா?" கலிவரதன், வாட்ஸப்பில்.
இவ்வளவு தூரம் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள்
நேரில் வந்து சுவரைத் தொட்டும் பார்ப்பார்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
என்னை மட்டும் அழித்து
அனுப்பிவிட்டேன்.

காலையில் விளம்பரம் வந்துவிட்டது.
நாய்க்குட்டிக் காதுக்குக் கீழே வீடு,
வீட்டுக்குக் கீழே கலிவரதனின் எழுத்து:
இரண்டு படுக்கையறை. கிழக்குப் பார்த்தது.
உடனே குடியேறலாம்.
நல்ல தண்ணீர் வசதி.