எட்டு மணி வகுப்பு

இரவு இரண்டு மணிக்கு
அலாரம் இல்லாமலே விழித்துக்கொண்டேன்.
வகுப்பு எட்டு மணிக்கு.

ஆறு மணி நேரம் இருந்தால்
நானூறு பன், தொண்ணூறு ரை ரொட்டி,
ஞாயிறென்றால் கசகசா தூவிய பின்னல் ரொட்டி
எல்லாம் இறக்கி மேசையையும் கழுவியிருப்பேன்.
இன்று ஷூவுக்கு
இரண்டு முறை பாலிஷ் போட்டேன்.
பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில்
ஏதோ ஒரு கப்பல் மூடுபனிக்குள் இருமியது.
எனக்குத் தெரிந்த இருமல்தான்.

"மாவு" என்றார் நுரையீரல் மருத்துவர்.
கட்டியவளின் பெயரைச் சொல்லி
இவளிடமிருந்து விலகி இரும் என்பதைப்போல
மெதுவாகத்தான் சொன்னார்.
இருபத்திரண்டு வருடம் சோறு போட்டது
கடைசியில் மூச்சைக் கேட்டது.

காப்பீட்டு அலுவலகத்தில் தைசன் அம்மையார் கேட்டார்:
"இனி என்ன செய்ய விருப்பம்?"
"தூசி இல்லாத எதுவும்."
தட்டச்சு செய்தார்.
தகவல் தொழில்நுட்பம். இரண்டு வருடம்.
அவ்வளவுதான்.
சின்ன வயதிலிருந்தே கனவு என்று
நேற்று அறிமுகப் படிவத்தில் எழுதியது பொய்.

மூன்றாம் மாடி. புதுக் கம்பள வாசனை.
பக்கத்து நாற்காலியில் கிரஷினா,
முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி
முதுகெலும்பைத் தொலைத்தவள்;
சுட்டெலியை
நாடி பார்ப்பதுபோல் பிடித்திருந்தாள்.
பின்வரிசையில் ஃபோல்கெர்ட், கிரேன் ஓட்டியவன்.
கிரேன் இப்போது தானாகவே ஓடுகிறதாம்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆசிரியைக்கு என் மகளைவிட நாலு வயது கூட இருக்கலாம்.
"சுழியத்திலிருந்து எண்ணுங்கள்" என்றாள்.
எந்த பேக்கரும் வெறும் தட்டை எண்ணுவதில்லை என்றேன்.
சிரித்தார்கள்.
நான் கேலிக்குச் சொல்லவில்லை.

அடுத்தது மாறி.
மாறி என்பது ஒரு பெட்டி;
மேலே ஒரு பெயர் ஒட்டியிருக்கும்.
உள்ளே இருப்பது மாறலாம். பெயர் அப்படியே.
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.
நான் என் புளிமாவு ஜாடியை நினைத்துக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது வயது அதற்கு.
தினமும் பாதியை எடுத்து
பாதிக்குப் புது மாவும் தண்ணீரும்.
முதல்நாள் மாவின் ஒரு துகள்கூட
இப்போது அதில் இருக்காது.
ஆனாலும் மூடியில் அதே பெயர், என் கையெழுத்தில்.
இப்போது ஊவேயின் குளிர்பெட்டியில் இருக்கிறது.
பார்க்கப் போகலாம்.
திறக்கத்தான் கூடாது.

பத்து வரி எழுதச் சொன்னாள்.
நாலாவதில் சிவப்புக் கோடு.
எழுத்து எழுத்தாய் அரை மணி தேடினேன்.
மூச்சு இழுக்கத் தொடங்கியது, மாவே இல்லாமல்.
மருந்துக் குழலை எடுத்தேன்.
கிரஷினா எட்டிப் பார்த்து
திரையில் விரல் வைத்தாள்:
ஓர் அரைப்புள்ளி.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
அறுபது ரொட்டிக்கு உப்பை மறந்தேன்.
அடுப்பு வாய் திறக்கவில்லை.
உப்பே இல்லாமல்
நன்றாகவே உப்பி வந்தது ஒவ்வொன்றும்.
அறுபது வீட்டில் கடித்துப் பார்த்துத்தான்
தெரிந்துகொண்டார்கள்.
இந்த இயந்திரம் பரவாயில்லை.
முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

மதியம் டப்பாக்கள் திறந்தன.
நான் கொண்டுவரவில்லை; வீட்டில் ரொட்டி இல்லை,
ஆறு மாதமாக வாங்கத் தோன்றவில்லை.
ஃபோல்கெர்ட் பேசாமல் ஒரு துண்டை நீட்டினான்.
வாங்கி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன்.
பள்ளம் பள்ளமாகவே நின்றது.

"இன்னும் ஐந்து நிமிடம் வெந்திருக்கவேண்டும்" என்றேன்.

காலையிலிருந்து
நான் உறுதியாகச் சொன்னது
அது ஒன்றுதான்.