செவ்வாய்க்கிழமைப் பாதை

குருமண்வெளித் துறையில்
படகுக்குப் பெயர் பாதை.
நானும் ஸ்கூட்டியும் ஏறியதும்
ஒரு விரற்கடை தாழ்ந்து
பிறகு சுமக்கச் சம்மதிக்கும்.

செவ்வாய். காலை ஏழு ஐம்பது.
மண்டூர்ப் பக்கம் மூன்று குழுக்கள்,
முப்பத்தொரு பெண்கள்,
முப்பத்தொரு பச்சைப் புத்தகங்கள்.
ஒழுங்கைக்குள் திரும்பினால்
நாய்கள் குரைப்பதில்லை, பழகிவிட்டன.
கதவுகள்தான் இன்னும் பழகவில்லை.

கந்தோர் களுவாஞ்சிகுடியில், மருந்துக்கடைக்கு மேலே.
திங்கள் காலையில் தயாளன் சேர்
எங்களை வட்டமாக நிறுத்திக் கைதட்டச் சொல்வார்.
சுவரில் பனிமலை ஏறுகிற ஒருவனின் படம்,
கீழே 'இலக்கு' என்று சிவப்பில்.
எங்கள் மாவட்டத்தில் மலையென்றால் குடும்பிமலை.
அதன் உச்சிக்குப் போனாலும் வியர்க்கும்.
சத்தம் வராமல் கைதட்டும் வித்தை
மூன்றாம் மாதம் எனக்குப் பிடிபட்டது.

விலகல் கடிதத்தை மனத்தில் எத்தனையோ தரம் எழுதியாயிற்று.
ஒவ்வொரு தரமும்
கையெழுத்துப் போடும் இடத்தில்
ஸ்கூட்டி வந்து நின்றுகொள்ளும்.
அதுவும் லீசிங்தான்.
என் படலையிலும் ஒருவன் மாதம் ஒருமுறை பெல் அடிக்கிறான்.
நானும் வீட்டில் இல்லாமல் இருந்திருக்கிறேன்,
குசினிக்குள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பாதை நடுவாவிக்கு வரும்போது
கயிறு கட்டிய போத்தலை இறக்குவேன்.
வந்தாறுமூலையில் நாலு வருடம் படித்தது
இந்தத் தண்ணீரைத்தான்.
இரவல் வாங்கிய உவர்மானியில் ஒரு சொட்டு,
வெயிலுக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணால் பார்த்து
கொப்பியில் ஓர் எண்.

"தண்ணிக்கும் லோன் குடுத்திரிக்கியா புள்ள?"
சாமித்தம்பி அண்ணன் முதல் தரம் கேட்டபோது
பாதையே சிரித்தது.
ஓம், என்றேன்.
வட்டி உப்பாக வரும்.

இன்றோடு நாற்பத்திரண்டு செவ்வாய்.
மாரியில் இனித்துக் கிடந்தது வாவி.
முகத்துவாரம் வெட்டிய பிறகு
கடல் உள்ளே வந்து எண்கள் ஏறின.
யாரும் கேட்காத கணக்கு.
பிழை விட்டால் ஏச ஆளில்லை.
ஆனாலும் ஐமிச்சமென்றால்
இன்னொரு சொட்டு எடுத்துப் பார்க்கிறேன்.

இருக்கைக்கு அடியில், மழைக்கோட்டில் சுற்றி,
பதினான்கு பதிவுத்தபால் துண்டுகள்.
முதல் ஐந்தில் மை போய்விட்டது.
எந்த வேலைக்குப் போட்டேன் என்பது
எனக்கே மறந்துவிட்டது.

போன கிழமை
அவசரத்தில் கொப்பி மாறிப் போய்
இன்பராணியின் கையில் தண்ணீர்க் கொப்பி.
விரித்துப் பார்த்தாள்.
"இது ஆருட கடன்? கூடுது, குறையுது,
கட்டி முடியவே இல்ல."
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.
தையல் மெஷினுக்கு வாங்கிய கடன்,
மெஷின் விற்றும் நிற்கிறது.
சொன்னேன், நான் தேடுகிற வேலையை.
கேட்டுக்கொண்டே எழுநூறு ரூபாயை இரண்டு தரம் எண்ணினாள்.
"நீ போனா வாறவன் கத்துவான்" என்றாள்.
பிறகு,
"போ. ஆனா ஒரு கிழமைக்கு முன்னம் சொல்லிப் போட்டுப் போ."
'குறைவு 300' என்று எழுதினேன்.
என் எழுத்து வட்டமானது.
அந்தச் சொல்லிலும் அப்படித்தான் விழுகிறது.

நேற்றுக் கடிதம் வந்தது.
ஆய்வுகூட உதவியாளர், ஒரே ஒரு இடம்.
நேர்முகப் பரீட்சை திருகோணமலையில்.
வருகிற செவ்வாய்.

இன்று திரும்பும்போது
சாமித்தம்பி அண்ணனிடம் போத்தலைக் கொடுத்தேன்.
கயிற்றில் இரண்டாம் முடிச்சு நனையும்வரை இறக்க வேண்டும்,
மூடியை நீருக்குள்ளேயே இறுக்க வேண்டும்,
நேரத்தைப் போத்தலில் எழுத வேண்டும்.
அவர் முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"கிடைக்காட்டி?"

மறுகா செவ்வாய்
நான்தான் இறக்குவன் அண்ணன்.
போத்தலத் துலைச்சுப் போடாதீங்க.