புள்ளி வைத்த கோப்புகள்

வியாழன் இரவு அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கினாள் ரன்வா.
வெள்ளி காலை திரை கறுப்பு.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
இமைத்து இமைத்து
என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வேண்டியது ஒன்றுதான்.
இந்த வாரம் ஏழாம் கூண்டில்
ஒரு சால்மனுக்கு எத்தனை பேன்?
க்ளாக்ஸ்விக் துறைமுகத்தில் அவளுக்கு அதுதான் வேலை:
மீனை மயக்கி, புரட்டி, பேன் எண்ணி,
மதியத்துக்குள் கணக்கு அனுப்புவது.
சிரிக்காதீர்கள். சம்பளம் வருகிறது.

ஹோக்னியின் லேப்டாப்பை வாங்கி அனுப்பினாள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாத விதத்தில் எல்லாம் இருந்தது.

ஆறு வருஷம் ஆர்ச்சில் குடியிருந்தவள்.
தானே சுவர் எழுப்பித் தானே கூரை போட்ட வீடு,
எந்த ஆணி எங்கே என்று இருட்டிலும் கை அறியும்.
ஆனால் வாரம் ஒருமுறை
யாரோ வந்து வாசலை வேறு பக்கம் மாற்றிவைத்துவிட்டுப் போவார்கள்.
தேடிக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி இருந்தது,
முப்பது வயது வரை.

சனிக்கிழமை. பனிமூட்டம்.
கல்சோய்த் தீவுக்குப் படகு ஓடவில்லை.
டெபியனைப் பென் டிரைவில் இறக்கினாள்.
"ரெண்டையும் வச்சுக்கோயேன்,
ஒரு பாதியில் அது, ஒரு பாதியில் இது" என்றான் ஹோக்னி.
ஒண்டுக்குடித்தனம் அவளுக்கு ஆகாது.
பென் டிரைவிலிருந்தே கணினியை எழுப்பி
பழைய வீட்டுச் சாமான்களை வெளி வட்டுக்கு ஏற்றினாள்.
நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் வரும்.
வந்தன: மழையில் எடுத்த படங்கள், வரி ரசீதுகள்,
வங்கிக்கு எழுதி அனுப்பாத ஒரு கோபம்.
பிறகு,
முழு வட்டையும் அழிக்கவா? அழி.
நிச்சயமாகவா?
ஆமாம் என்கிறேனே.

கணினிக்கு என்ன பெயர் என்று கேட்டது.
பழைய பெயரையே கொடுத்தாள்.
வீடு மாறினால் பூனைக்குமா பெயர் மாற்றுவார்கள்?

அறுபத்து நாலு சதவீதத்தில் நின்றது நின்றபடி.
பால் காய்ச்ச யாருமில்லை.
கவனிக்காமல் விட்ட காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது,
கிழக்கிலா மேற்கிலா என்று பார்க்கவும் ஆளில்லை.

புது வீட்டில் டெர்மினலைத் திறந்து
பழக்கத்தில் மேல் அம்பைத் தட்டினாள்.
டொக்.
இன்னொரு முறை.
டொக்.

நம் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால்
உயிர் நீங்கி மெய் நிற்கும்.
அவர்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு,
எழுதுவார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை.
லினக்ஸில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால்
கோப்பு இருந்த இடத்திலேயே மறையும்.
அந்தப் புள்ளிகளை
நட்சத்திரம் தொடாது.
அவளுக்குத் தெரியாததில்லை.
சனிக்கிழமை தெரியவில்லை.

ஆறு வருஷம் அடித்த கட்டளைகள் அத்தனையும்
அப்படி ஒரு புள்ளிக்குப் பின்னால்தான் இருந்தன.
விடிகாலை மூன்று மணிக்கு வைஃபையோடு மல்லுக்கட்டிய வரிகள்,
கடவுச்சொல் என்று நினைத்து
வெட்டவெளியில் தட்டிவிட்ட கடவுச்சொல்,
பெர்கனில் ஒருவனின் கணினிக்குள் போகும் வழி.
நாலு வருஷமாக அந்த வழி போகவில்லை.
ஆனாலும் வேறெதையோ தேடி
மேலே மேலே ஏறும்போது குறுக்கே வரும்,
முகம் திருப்பாமல் கடந்துபோவாள்.

டொக்.

"பிரிண்டர் வேலை செய்யுதா?"
அடுத்த அறையிலிருந்து, கேலியாக.
ஆறு வருஷம் அசையாத பிரிண்டர்.
பொத்தானை அழுத்தினாள்.
தொண்டையைச் செருமி, தோளைக் குலுக்கி
ஒரு சோதனைத் தாளைத் துப்பியது:
நீலம், மஞ்சள், ரோஜா, கறுப்பு,
ஓரத்தில் கொஞ்சம் கோணல்.
ஹோக்னி எழுந்து வந்து பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை,
இம்முறை உண்மையிலேயே.

தூங்கப்போகும்முன் முதல் கட்டளையை அடித்தாள்.
அவசரத்தில் பிழை.
மேல் அம்பைத் தட்டினால்
வந்து நின்றது, பிழையோடு.

திங்களன்று ஏழாம் கூண்டில் பேன் குறைந்திருந்தது.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.