நூற்றுப் பதினெட்டாவது கோப்பு

ஹெல்டர்மா துறையில் படகு ஓடாத வாரம்.
கடல் உறைந்திருந்தது,
ஆனால் கார் போகும் அளவுக்கு உறையவில்லை.
டிக்கெட் அலுவலகத்தின் சர்வர்
அந்த வாரம் பார்த்துத்தான் செத்தது.
டிஸ்க்குக்குள் யாரோ கரண்டியால் சுரண்டும் சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.

புது டிஸ்க் சின்ன விமானத்தில் வந்தது,
முட்டைப் பெட்டிகளுக்கு நடுவே.
என்னிடம் இருந்தது
ராய்டோ விட்டுப்போன பென்டிரைவ்.
அதில் நூற்றுப் பதினேழு கோப்புகள்.

அவன் எதையும் ஆயத்தமாக இறக்கிக்கொள்கிறவன் இல்லை.
மூலநிரலிலிருந்தே கட்டுவான்.
கட்டும் முன் நீலப் பெட்டி ஒன்று திறந்து
இது வேண்டுமா, இது வேண்டாமா என்று கேட்கும்.
வேண்டுமென்றால் கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி.
ஏழு வருஷம் குறி போட்டான்.
பிறகு டாலினில் நல்ல சம்பளம்.
கைகுலுக்கி, இதைக் கொடுத்து,
எல்லாம் இதில் இருக்கிறது என்றான்.

இருந்தது.
அச்சு: வேண்டும்.
ஒலி: வேண்டாம்.
உதவிப் பக்கங்கள்: வேண்டாம்
(எனக்குப் பின் ஒருத்தி வருவாள் என்று
அவன் நினைக்கவே இல்லை).
ஜார்ஜிய எழுத்துரு: வேண்டும்.

இந்தத் தீவில் எஸ்தோனியம் பேசுவோம்,
கொஞ்சம் ரஷ்யன்,
கோடையில் வருகிறவர்களுக்காக ஃபின்னிஷ்.
ஜார்ஜியம் யாருக்கு?
அந்த ஒரு வேண்டும்-க்குப் பின்னால்
பதினொரு பொதிகள் கைகோத்து நின்றன.
நாற்பது நிமிடம்.
நான் சிக்கனக்காரி. குறியை எடுத்தேன்.

இரவு முழுக்க வரிகள் ஓடின.
மூன்று நாற்காலி சேர்த்துப் போட்டு
கோட்டைப் போர்த்திப் படுத்தேன்.
நாலரை மணிக்கு ஓட்டம் நின்று நீலப் பெட்டி எழுப்பியது:
புதிய பதிப்பில் ஒரு கேள்வி கூடியிருந்தது.
பழைய கோப்புக்குப் பதில் தெரியவில்லை.
எனக்கும் தெரியவில்லை.
சரி என்று தட்டிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் செவ்வாய்.
வழக்கமாக ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன்,
அன்று ஏழைத் தாண்டியும் இருந்தேன்.
மக்வாலா தரையைத் துடைத்து முடித்து
வாளியைக் கதவோரம் வைத்துவிட்டு
கடைசிக் கவுன்டரின் திரை முன் உட்கார்ந்தாள்,
எத்தனையோ நாள் உட்கார்ந்தவள் மாதிரி.
தன் கடிதத்தைத் திறந்தாள்.

கட்டங்கள்.
வரி வரியாக, பத்தி பத்தியாக,
குறி போடாத காலிக் கட்டங்கள்.
அவள் எழுதிய ஒவ்வொரு எழுத்துக்கும்
யாரோ வேண்டாம், வேண்டாம் என்று சொன்னது போல.

ஈரத்துணி பட்டுக் கெட்டுவிட்டதோ என்று
கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
எண்ணி வைத்திருக்கும் எஸ்தோனியச் சொற்களில் ஒன்றை எடுத்து,
உடைச்சிட்டேனா? என்றாள்.

ராய்டோவைக் கூப்பிட்டேன்.
ஏன் சொல்லவில்லை?
கோப்பில் இருந்ததே.
இருந்தது.
என்ன என்பது இருந்தது.
ஏன் என்று எழுத அதில் இடமில்லை.

குறியைத் திரும்பப் போட்டேன்.
பதினொரு பொதிகளும் வரிசையில் வந்தன.
அந்த நாற்பது நிமிடமும் தேநீர் குடித்தோம்.
கடிதம் ஸெஸ்டபோனியில் இருக்கும் தங்கைக்கு.
அன்புக் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள்:
வேலியோர அக்ரூட் மரம் யாருக்கு என்று
மூன்று வருஷமாக நடக்கும் சண்டை.

எழுத்துகள் வந்தன,
வட்ட வட்டமாக, கொக்கி வைத்து, வால் சுழித்து.
மக்வாலா ஒருமுறை படித்தாள்.
ஒரு பிழையைத் திருத்தினாள்.
விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.

அன்றிரவு எல்லாவற்றையும்
பென்டிரைவில் திரும்பச் சேமித்தேன்.
நூற்றுப் பதினேழோடு ஒன்று கூட,
எந்த நிரலும் படிக்காத கோப்பு:

ஜார்ஜிய எழுத்துரு – மக்வாலாவுக்கு.
செவ்வாய், வெள்ளி, ஏழு மணிக்கு மேல்.
நாலரை மணிக் கேள்வி – தூக்கத்தில் சொன்ன சரி.
மாற்றலாம்.
ஒலி வேண்டாம் – ஏனென்று தெரியாது.
தொடாதே.