நான்காவது குழாய்

தார்த்து நகரம், பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
ஹெல்துர் பேருந்து ஓட்டுபவர்.
ராத்திரிச் சாப்பாடு இல்லை. மூக்கு வழியே
ரப்பர்க் குழாயை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிறார்.
கால்மணிக்கு ஒருமுறை அவர் வயிற்றிலிருப்பதை
உறிஞ்சி எடுப்பது என் வேலை.

ஒன்று, இரண்டு, மூன்று: கலங்கல் நீர், கொஞ்சம் எச்சில்.
காரக் கரைசல் ஐந்தாறு சொட்டு விட்டதுமே
இளஞ்சிவப்பாகிவிடுகிறது.

நான்காவதில்தான் கோளாறு.
இருபது சொட்டு. முப்பது. நாற்பத்தொன்று.
இன்னும் நிறம் ஏறவில்லை.

"என்ன கொடுத்தாய், மைமு?" என்றார் டாக்டர் வில்வே.
ஒன்றும் கொடுக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சமையல் என்று கேட்டேன்,
அவ்வளவுதான்.
மூக்கால் பேசினார்: புகையில் வாட்டிய மீன்,
பன்றிக்கொழுப்பில் வதக்கிய வெங்காயம்,
கறுப்பு ரொட்டியின் கருகிய ஓரம்.
ஓரத்துக்குத்தான் வீட்டில் சண்டையாம்.

வாயைக் கட்டிவிட்டோம். வயிற்றைக் கட்ட முடியவில்லை.
மூளையிலிருந்து இறங்கும் நரம்பொன்று
வெங்காயம் என்று
அங்கே போய்ச் சொல்லிவிட்டது.

பிறகு ஹிஸ்டமின் ஊசி.
அரைமணி முன்பே மாற்று மருந்து ஏற்றியிருந்தோம்.
இல்லாவிட்டால் அந்தத் துளி
தோலின் ரத்தக்குழாய்களை அகலத் திறந்துவிடும்,
முகம் கணகணக்கும், தலை இடிக்கும்.
மாற்று மருந்து அந்தக் கதவைத் தாழிட்டது.
காதுமடல்கூடச் சிவக்கவில்லை.
வயிறோ கொட்டியது, குழாய் குழாயாக,
விரலில் கீறல் இருந்தால் எரிகிற நீர்.

ஒரே தூதன். ஒரு வீட்டில் கதவு சாத்தியிருக்க
அடுத்த வீட்டுக்குள் எப்படி நுழைந்தான்?
அங்கே வேறு பூட்டு இருக்கவேண்டும் என்கிறார் டாக்டர்.
இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது:
வயிற்றுக்குள் போகும் ஒவ்வொரு துகள் அமிலத்துக்கும்
ரத்தத்தில் ஒரு துகள் காரம் திரும்புகிறதாம்.
தீ மூட்டியவனே
பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறான்.

பதிவேட்டில், நான்காம் குழாய்க்கு எதிரே,
கொடுத்த மருந்து என்ற கட்டத்தில்
வெங்காயம் என்று எழுதினேன்.
டாக்டர் அதை அடித்துவிட்டு
கணக்கில் சேராது என்று எழுதினார்.

குழாயை உருவியதும் ஹெல்துர் தும்மினார்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டுப் பையில் தேடி
செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்.
ரொட்டி. ஓரம் மட்டும்.
பாதியைப் பிட்டு என் பக்கம் நீட்டினார்.

நான் கை நீட்டுவதற்குள்
எனக்குள் எத்தனை சொட்டு ஊறியதோ,
அளக்க அங்கே ஆளில்லை.