ஏழாவது கட்டம்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
காலிக் கிரேட்டுகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தோம்,
முனிரத்தினத்தைத் தவிர எல்லோரும்.

பர்கூர் மேட்சில் மூன்று பேர்
அவன் பிடிக்குள் வந்து வழுக்கிப் போனார்கள்,
வயசு நாற்பத்தொன்று, முட்டி வேறு வீங்கிக் கிடக்கிறது,
இடது கார்னருக்கு அந்தக் கெலமங்கலத்துப் பையனே போதும்
என்றான் திம்மராஜ்.

கடைசி ரெய்டு, ஒரு பாயிண்ட் வித்தியாசம் என்றால்
பையன் ஸ்கோர் போர்டைப் பார்ப்பான்
முனி கணுக்காலைப் பார்ப்பான்
என்றேன்.
"அது போன வருஷம்ணா."
அதுவும் சரிதான்.

ஆறு பெயர் எழுதியாயிற்று.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கையில் போன்:
"ஞாயித்துக்கிழமை வண்டி எத்தனை மணிக்குடா?
முட்டிக்குப் புதுப் பட்டை வாங்கிட்டேன், நானூத்தம்பது."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அஞ்சு மணிக்கு, என்றேன்.

படிவத்தில் ஏழாவது கட்டம்
தக்காளிச் சாறு பட்டு ஊறியிருந்தது.
பேனா அதில் எழுதாது.